மூடிய இரும்புக்குள் எட்டிப் பார்த்த கதை

1820ஆம் ஆண்டு. லண்டன் கோஸ்வெல் சாலைப் பகுதியில் தாமஸ் ஹான்காக் என்பவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். தென் அமெரிக்கக் காட்டு ரப்பரைப் பட்டைபட்டையாக வெட்டி, கையுறைக்கும் காலணிக்கும் இழுவை வாராகப் பொருத்தி விற்பது அவர் தொழில். வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் மூலையில் குவிந்துகொண்டே இருந்தன. ரப்பர் விலைக்கு அவற்றைத் தூக்கி எறிய மனம் வருமா? அவற்றைப் பொடியாகக் கிழித்தால் மறுபடி ஒட்டவைக்கலாம் என்று கணக்குப் போட்டார். பற்கள் பதித்த மரக்கூட்டுக்குள் பற்கள் பதித்த உருளை ஒன்றைச் சுழலவிட்டார். கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் பாரம் ஏறியது. நிறுத்திவிட்டுத் திறந்தால் உள்ளே பொடியைக் காணோம். துண்டுகள் எல்லாம் சேர்ந்து, கை பொறுக்காத சூட்டில், ஒரே உருண்டையாகத் திரண்டு கிடந்தன.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்த அந்தச் சோதனைதான் ரப்பர் தொழிலின் முதல் எந்திரத்தைத் தந்தது. ஹான்காக் அதற்கு 'பிக்கிள்' என்று பெயரிட்டார். யாராவது ஒட்டுக்கேட்டால் அவர்களைக் குழப்புவதற்காக வைத்த பெயர் அது. காப்புரிமை கேட்டால் செய்முறையை வெளியே சொல்லியாக வேண்டும். எனவே தொழிலாளிகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு எந்திரத்தை ஆண்டுக்கணக்கில் மறைவிலேயே ஓட்டினார். காப்புரிமை எடுத்தது 1837இல்தான்.

இன்று பெரிய டயர் நிறுவனங்கள் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டும் முன்பே அந்த ஆலையைக் கணினிக்குள் கட்டி ஓட்டிப் பார்த்துவிடுகின்றன. கலவை எந்திரத்தில் வெப்பம் எவ்வளவு ஏறும், அச்சுக்குள் டயரின் தோள்பகுதி வேக எத்தனை நிமிடம் ஆகும், எந்த பிரஸ் முன்னால் எவ்வளவு சரக்கு தேங்கும் என்பதெல்லாம் திரையில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மெய்நிகர் ஆலை என்று இதற்குப் பெயர். கணினித் துறை ரப்பர் துறைக்குக் கொடுத்த கொடை என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். ஆனால் இதன் வேர் கணினிக்கு வெகுகாலம் முந்தியது. ரப்பர் தயாரிப்பில் ஒவ்வொரு முறையும் ஒரு மூடி போடப்பட்டு, வேலை கண்ணுக்கு மறைந்தது. மறைந்ததைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு முறையும் ஒரு புதிய அளவுகோல் தேவைப்பட்டது. அப்படிச் சேர்ந்த அளவுகோல்களின் கூட்டுத்தொகைதான் மெய்நிகர் ஆலை.

ரப்பர் ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது? இரும்பும் கண்ணாடியும் பிசகினால் உருக்கி மறுபடி வார்க்கலாம். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாததைப் போல, வல்கனைசிங் ஆன ரப்பரை முழுதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் பாலம் போட்டுவிடுகிறது. பாலம் குறைந்தால் பொருள் பிசுபிசுக்கும், கூடினால் விறைத்து வெடிக்கும். தப்பு நடந்தது தெரியவரும்போது திருத்தும் காலம் கடந்திருக்கும்.

இந்தப் பாடத்தை அமெரிக்கர்கள் விலை கொடுத்துக் கற்றார்கள். 1830களில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ராக்ஸ்பரியில் ஒரு ரப்பர் நிறுவனம் காலணிகளும் மழைத்துணிகளும் செய்து குவித்தது. அங்கே வேலைபார்த்த எட்வின் சாஃபி, ரப்பரைச் சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் துணிமேல் பூசும் பிரம்மாண்டமான எந்திரம் ஒன்றை உருவாக்கி 1836இல் காப்புரிமை பெற்றார். அதைத் தொழிலாளிகள் 'அரக்கன்' என்று அழைத்தார்கள். இன்றைக்கும் டயர் ஆலைகளில் ஓடும் காலண்டர் எந்திரத்தின் மூதாதை அது. எந்திரம் குறையில்லாமல் ஓடியது, பொருள்தான் காலை வாரியது. கோடை வந்ததும் காலணிகள் இளகி நாறின. விற்ற சரக்கு கடைகளிலிருந்து திரும்பி வந்தது. கம்பெனி படுத்தது.

அந்தக் கம்பெனியின் தோல்வியால் ரப்பர் பித்துப் பிடித்தவர் சார்லஸ் குட்இயர். 1839இல் வூபர்ன் என்ற ஊரில், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டு, உருகாமல் கருகி இறுகுவதைக் கண்டார். கருகிய பகுதியைச் சுற்றி ஓர் ஓரத்தில் மட்டும் சரியான பதம் இருந்தது. எந்தச் சூட்டில், எத்தனை நேரத்தில் அந்தப் பதம் வரும்? அதைத் தேடி ரொட்டி சுடும் அடுப்பு முதல் கொல்லன் உலை வரை எங்கெங்கோ ரப்பரை வைத்துப் பார்த்தார். கண், மூக்கு, விரல் ஆகியவையே அவருடைய ஆய்வுக்கூடம். அவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1844 ஜூனில். அதற்குள் அவருடைய மாதிரித் துண்டுகள் சில இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, ஹான்காக்கின் கைக்கு எட்டிவிட்டன. அவர் அந்தத் துண்டுகளை ஆராய்ந்து, தானும் சோதனைகள் செய்து, 1843 நவம்பரிலேயே இங்கிலாந்தில் விண்ணப்பித்து முந்திக்கொண்டார். ரகசியத்தால் வாழ்ந்தவர், அடுத்தவர் ரகசியத்தை ஒரு துண்டு ரப்பரிலிருந்து படித்தெடுத்தார். குட்இயர் 1860இல் இறந்தபோது கடன்தான் மிச்சம்.

அடுத்த அறுபது ஆண்டுகள் ரப்பர் ஆலை என்பது திறந்த எந்திரங்களின் உலகம். இரண்டு பெரிய இரும்பு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றையொன்று நோக்கிச் சுழலும். ஆள் எதிரே நின்று ரப்பரை நடுவே கொடுப்பார். அது முன் உருளையில் துணி சுற்றியதுபோல் படிந்ததும், கந்தகத்தையும் மற்றப் பொடிகளையும் தூவி, கத்தியால் குறுக்கே அறுத்து மடித்து மறுபடி உள்ளே விடுவார். தகடு பளபளக்கும் விதம், உருளைக்கு மேலே புரளும் ரப்பர் எழுப்பும் சத்தம், அறுக்கும்போது கத்தி காட்டும் எதிர்ப்பு ஆகியவற்றிலிருந்து கலவை ஆயிற்றா இல்லையா என்று சொல்லிவிடுவார். இந்த வித்தையை அவர் எந்தத் தாளிலும் எழுதிவைக்கவில்லை. கொஞ்சம் கவனம் பிசகினால் கை உருளைக்குள் போய்விடும். விரலும் கையும் இழந்தவர்கள் அந்த ஆலைகளில் அபூர்வமல்ல.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு கண்டுபிடிப்புகள் இந்தக் கைவித்தையின் எல்லையைக் காட்டின. 1904இல் லண்டன் சில்வர்டவுன் ஆலையில் கார்பன் பிளாக் எனும் கரித்தூள் சேர்த்தால் ரப்பரின் உறுதி பெருகும் என்று தெரிந்தது. 1906இல் அக்ரன் நகரத்து டயமண்ட் ரப்பர் கம்பெனியில் ஜார்ஜ் ஓன்ஸ்லாகர் என்ற வேதியியலாளர் அனிலின் சேர்த்து வேகும் நேரத்தை வெகுவாகக் குறைத்தார். டயர் வலுவானது, வேலையும் விரைந்தது. ஆனால் கரித்தூள் ஒரே சீராகப் பரவாவிட்டால் டயர் வாழாது. வேகம் கூட்டும் வேதிப்பொருள் இருப்பதால், கலக்கும்போதே சூடு ஏறினால் ரப்பர் எந்திரத்துக்குள்ளேயே வெந்துபோகும். 'ஸ்கார்ச்' என்று ஆலைக்காரர்கள் இன்றும் அஞ்சும் விபத்து அது. பிழைக்கு முன்பிருந்த இடம் போய்விட்டது.

அக்ரன் அப்போது வெடித்து வளர்ந்துகொண்டிருந்தது. ஓஹையோ மாநிலத்தின் அந்த நகரில் 1910இல் சுமார் 69 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1920இல் 2 லட்சத்து 8 ஆயிரம் பேர். ஃபோர்டு கார்கள் டயர் கேட்டன. குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் கம்பெனிகளின் ஆலைகள் அகலமாகின. ஆள் நின்று தூவிக் கலக்கும் இரண்டு உருளை மில்லால் அந்தப் பசிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

மூடி போட்டவர் ஃபெர்ன்லி பான்பரி. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலைபார்த்த பொறியாளர். மூடிய அறைக்குள் முறுக்கிய இறக்கைகள் கொண்ட இரண்டு சுழலிகள், மேலிருந்து சரக்கை அழுத்தும் எடைக்கல், கீழே கொட்டும் கதவு என அவர் அமைத்த எந்திரத்துக்கு 1916இல் காப்புரிமை கிடைத்தது. மில்லில் அரைமணிக்கு மேல் பிடித்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது. ஆள் கரித்தூளைத் தின்னாமல் தப்பினார், கையும் தப்பியது. இன்றும் எந்தக் கம்பெனி செய்த கலவை எந்திரமானாலும் ஆலைத் தொழிலாளிகள் அதைப் 'பான்பரி' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் இப்போது உள்ளே நடப்பதை யாரும் பார்க்க முடியாது. பளபளப்பும் இல்லை, கத்தியின் எதிர்ப்பும் இல்லை. கடிகாரம், வெப்பமானி, மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஆகிய மூன்றை வைத்துக்கொண்டுதான் ஊகிக்க வேண்டும். கரித்தூள் ரப்பருக்குள் போகும்போது மின்சாரக் கோடு ஒருமுறை ஏறும், எண்ணெய் ஊற்றியதும் சரியும், மறுபடி ஏறும். அந்தக் கோட்டின் மேடுபள்ளத்தைப் படிக்கக் கற்றவரே புதிய கைதேர்ந்தவர் ஆனார். ரப்பர் தயாரிப்பை ஒரு வளைகோடாக எழுதிவைக்கும் பழக்கம் இங்கே தொடங்குகிறது.

வேறொரு வகை அளவும் அதே ஆலைகளில் நுழைந்தது. கையில் நிறுத்துகடிகாரத்துடன் வந்தவர்கள் டயர் கட்டும் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவுக்கும் நேரம் குறித்து, அதன்படி கூலி விகிதம் நிர்ணயித்தார்கள். அன்றைய டயர் கட்டுதல் கனமான வேலை. சுழலும் உருளைமேல் ரப்பர் பூசிய துணி அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஒட்டி அழுத்த வேண்டும். நேரம் குறைக்கப்பட்டால் அதே கூலிக்கு அதிக டயர் கட்ட வேண்டியிருக்கும். 1936 ஜனவரியில் ஃபயர்ஸ்டோன் ஆலையில் கூலி விகிதத் தகராறு முற்றி, தொழிலாளிகள் எந்திரத்தை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் குட்இயர் ஆலையிலும் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் உட்கார்ந்த வேலைநிறுத்தங்களின் அலைக்கு அக்ரன் முன்னோடியாக நின்றது. மெய்நிகர் ஆலை இன்று கேட்கும் முதல் தகவல் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரம்தான். அந்தத் தகவலுக்கு இப்படி ஒரு பின்கதை உண்டு.

ரப்பரின் பிசுபிசுப்பை எண்ணாக மாற்றியவர் மெல்வின் மூனி. யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனியின் இயற்பியலாளரான அவர் 1934இல் ஒரு கருவியை விவரித்தார். சூடான சிறு அறைக்குள் ரப்பரை அடைத்து, நடுவே ஒரு வட்டை மெதுவாகச் சுழற்ற வேண்டும். வட்டுச் சுழல எவ்வளவு முறுக்குவிசை வேண்டுமோ அதுவே ரப்பரின் எண். இன்றும் வழக்கமான சோதனை 100 டிகிரியில், 1 நிமிடம் சூடேற்றி 4 நிமிடம் சுழற்றுவது. தொழிலாளியின் உள்ளங்கை உணர்ந்ததில் ஒரு பகுதி இப்படிக் காகிதத்தில் ஏறியது. அதே மூனி 1940இல், ரப்பர் பலமடங்கு நீளும்போது விசைக்கும் நீட்சிக்கும் உள்ள உறவைச் சொல்லும் சமன்பாட்டையும் எழுதினார். இங்கிலாந்தில் ரொனால்ட் ரிவ்லின் 1940களின் பிற்பகுதியில் அதைப் பொதுக் கோட்பாடாக விரித்தார். மூனி-ரிவ்லின் என்ற இரட்டைப் பெயரில் அது இன்றைய கணினி நிரல்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மூனியின் எண்ணுக்குச் சில ஆண்டுகளிலேயே வேலை வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மலாயாவும் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளும் கைமாறியதில் அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 சதவீதம் நின்றுபோனது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் இரண்டு வாரம்கூட ஆகாத 1941 டிசம்பர் 19 அன்று, போட்டி நிறுவனங்களான குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச், யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் ஆகியவையும் ஸ்டாண்டர்ட் ஆயிலும் செயற்கை ரப்பர் பற்றிய காப்புரிமைகளையும் தகவல்களையும் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்தன. நூற்றிருபது ஆண்டுகளாகப் பூட்டிவைத்த தொழிலில் இது எவராலும் நினைத்துப்பார்க்க முடியாத காரியம். அரசாங்கப் பணத்தில் ஐம்பது அளவில் ஆலைகள் எழுந்தன. வெவ்வேறு கம்பெனிகள் நடத்திய ஆலைகளிலிருந்து ஒரே செய்முறையில் ஒரே ரப்பர் வர வேண்டும். அது ஒரே ரப்பர்தானா என்று சொல்ல மூனி எண் நின்றது.

அந்தப் பக்கம், நின்றுபோன இயற்கை ரப்பரின் நாட்டில் நிலைமை வேறு. 1876இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70 ஆயிரம் விதைகளில் முளைத்த சிறு பங்குதான் கியூ தோட்டம் வழியாக இலங்கைக்கும், மறு ஆண்டு 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கும் போனது. அந்தக் கன்றுகளின் வாரிசுகள் காடுகளாக விரிந்தபோது பால்வெட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழகக் கிராமங்களிலிருந்து மக்களை மலாயாவுக்குக் கப்பலேற்றினார்கள். விடியும் முன்பே மரத்தடிக்குப் போய், பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். உள்மரத்தைத் தொட்டால் மரம் புண்ணாகும், ஆழம் குறைந்தால் பால் வராது. கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. போர்க்காலத்தில் அந்தக் கைகளில் பலவற்றை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் சென்றார்கள். ஆயிரமாயிரம் பேர் திரும்பவே இல்லை.

தோட்டத்தில் பால் உறைந்து, தகடாகி, புகைக்கூடத்தில் காய்ந்து சந்தைக்கு வரும்போது, தரம் பார்த்ததும் கண்தான். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குமிழி, புள்ளி, பூஞ்சை, நிறம் பார்த்து 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் இன்றும் ஷீட் வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் ஷீட் மிக்சருக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. போருக்குப் பின் செயற்கை ரப்பர் எண்களோடு சந்தைக்கு வந்தபோது இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. மலேசியா 1965இல், அழுக்கு, சாம்பல், நைட்ரஜன், பிளாஸ்டிக் தன்மை என்று ஆய்வக அளவுகளால் தரம் சொல்லும் எஸ்.எம்.ஆர். முறையைக் கொண்டுவந்தது. மற்ற நாடுகளும் அந்த வழியில் வந்தன. ஆலைக்குள் மட்டும் இருந்த எண்கணக்கு அதன்பின் தோட்டத்து வாசலுக்கும் வந்தது.

இன்னொரு மூடி பாக்கி இருந்தது. அது டயரை வேகவைக்கும் கியூரிங் அச்சு. கட்டி முடித்த பச்சை டயர் சூடான அச்சுக்குள் போய் மூடிக்கொண்டால், எப்போது வெந்தது என்று எப்படித் தெரியும்? ரப்பர் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். வெளிப்பக்கம் வெந்து முடியும்போது தடித்த தோள்பகுதியின் நடுவே இன்னும் பச்சையாக இருக்கும். வெளியே எடுத்த பின்னும் உள்சூட்டில் வேக்காடு தொடரும். ஆலைகள் கையாண்ட வழி முரட்டுத்தனமானது. ஒரே டயரை வெவ்வேறு நிமிடங்களில் அச்சைத் திறந்து எடுத்து, குறுக்கே அறுத்து, குமிழி எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். குமிழி மறையும் நிமிடமே குறைந்தபட்ச நேரம். அதன்மேல் கொஞ்சம் பாதுகாப்புக்குக் கூட்டிக்கொள்வார்கள். நுட்பமான ஆலைகள் டயருக்குள்ளேயே வெப்பமின் கம்பிகளைப் புதைத்து அளந்தன. சுரங்க லாரிகளின் ராட்சத டயர் ஒன்றை இப்படிச் சோதிப்பதென்றால் ஒரு டயரின் முழு விலையும் போயிற்று.

1960களில் மான்சான்டோ நிறுவனத்தின் ரியோமீட்டர் இந்தக் குருட்டுத்தனத்தைப் பாதி நீக்கியது. வேகும் சூட்டில் ஒரு சிறு துண்டு ரப்பரை வைத்து, நடுவே உள்ள வட்டைச் சில டிகிரி மட்டும் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ரப்பர் இறுக இறுக முறுக்குவிசை ஏறும். கருவி வரைந்து தரும் கோட்டில் முதலில் ஒரு சரிவு, சற்று நேரம் சமதளம், பிறகு விறுவிறுவென ஓர் ஏற்றம், கடைசியில் மறுபடி சமதளம். எத்தனை நேரம் ஸ்கார்ச் ஆகாமல் தாங்கும், எப்போது 90 சதவீதம் வெந்திருக்கும் என்பதெல்லாம் அந்த ஒரே கோட்டில் கிடைத்தன. சார்லஸ் குட்இயர் அடுப்பருகே ஆண்டுக்கணக்கில் தேடியது சில நிமிட வேலை ஆகிவிட்டது. கோடு கிடைத்தால் சமன்பாடு எழுதலாம். டயரின் ஒவ்வொரு புள்ளியிலும் வெப்பம் எப்படி ஏறும் என்ற கணக்கை அந்தச் சமன்பாட்டோடு சேர்த்தால், அச்சைத் திறக்காமலே உள்ளே எவ்வளவு வெந்தது என்று சொல்லலாம். மெய்நிகர் ஆலையின் முதல் அறை கட்டப்பட்டது கியூரிங் பகுதியில்தான்.

பான்பரி மட்டும் பிடிகொடுக்கவில்லை. உள்ளே ரப்பர் முழு அறையையும் நிரப்புவதில்லை. ஏறத்தாழ முக்கால் பாகம்தான் நிரப்புவார்கள், மீதி வெற்றிடம் இருந்தால்தான் சரக்கு புரண்டு கலக்கும். கிழிந்து, ஒட்டி, நழுவி ஓடும் அந்தப் பொருளின் போக்கை எழுதும் முன் ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். இங்கிலாந்தின் லஃப்பரோவில் ஃப்ரீக்லியும் வான் இத்ரிஸும் 1979இல் மிக்சருக்குள் ரப்பர் ஓடும் விதத்தைக் கண்ணால் காணும் ஆய்வை வெளியிட்டார்கள். 1985இல் அக்ரன் பல்கலைக்கழகத்தில் மின் என்பவரும் ஜேம்ஸ் ஒயிட்டும் கண்ணாடிச் சாளரம் வைத்த மிக்சரில் இதே பணியைத் தொடர்ந்தார்கள். பான்பரி மூடிபோட்டு எழுபது ஆண்டு கழித்து, அக்ரனில் மூடிக்குப் பதில் கண்ணாடி வந்தது. ஃப்ரீக்லி 1985இல் எழுதிய பாடநூல் இன்னொரு காரணத்துக்காகவும் குறிப்பிடத்தக்கது. ரப்பர் பதப்படுத்தலின் இயற்பியலையும் ஆலையில் உற்பத்தியைத் திட்டமிடும் முறையையும் அது ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தது.

உற்பத்தித் திட்டமிடலுக்கான கணினி வழி ரப்பரிலிருந்து வரவில்லை, எஃகிலிருந்து வந்தது. ஷெஃபீல்டில் யுனைடெட் ஸ்டீல் கம்பெனிகளில் வேலைபார்த்த கே.டி. டோச்சர், 1950களின் இறுதியில் எஃகு ஆலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பொது நிரலை எழுதினார். உலை, கிரேன், வார்ப்புக் குழி ஒவ்வொன்றும் ஒன்று வேலையில் இருக்கும், இல்லையென்றால் காத்திருக்கும். அடுத்த மாற்றம் எப்போது என்று கணித்து, கணினி அந்தக் கணத்துக்குத் தாவும். 1960களில் ஆஸ்லோவில் ஓலே-யோஹன் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் இதே நோக்கத்துக்காக சிமுலா என்ற மொழியைப் படைத்தார்கள். வரிசையில் நிற்கும் பொருள்களை எழுத உருவான அந்த மொழியின் கருத்துகள்தான் பிற்பாடு சி++, ஜாவா போன்ற மொழிகளுக்கு அடிப்படையாயின.

டயர் ஆலை இந்தக் கணக்குக்கென்றே பிறந்ததுபோல் சிக்கலானது. ஒரு டயருக்குள் தடம், பக்கச்சுவர், உள்ளுறை, கம்பி வளையம், எஃகு இழைப் பட்டை என்று பல பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கலவை, தனி எந்திரம். கலவை உடனே பயன்படாது, சற்று ஓய்வெடுக்க வேண்டும். அதிக நாள் கிடந்தாலும் ஒட்டும் தன்மை போய்விடும். எல்லாப் பாகங்களும் ஒரே நேரத்தில் டயர் கட்டும் எந்திரத்துக்கு வந்து சேர வேண்டும். பிறகு வரிசையாக நிற்கும் பிரஸ்களில் எதில் எந்த அச்சு மாட்டியிருக்கிறதோ அந்த அளவு டயர்தான் போக முடியும். ஒரு கலவை பேட்ச் ஆய்வகத்தில் தோற்றால் அதன் அதிர்வு கியூரிங் அறை வரை போகும். எத்தனை வண்டிகள், எத்தனை அச்சுகள், எந்த நேரத்தில் அச்சு மாற்றம் என்ற கேள்விகளுக்குத் தாளில் விடை காண முடியாமல்தான் நிறுவனங்கள் கணினி மாதிரிக்கு வந்தன.

பொருளின் கணக்கு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை 2004இல் குட்இயர் நிறுவனம் காட்டியது. டயரின் நடத்தையைக் கணிப்பது அசாதாரணக் கடினம். பொருள் நேர்கோட்டில் வளையாது, தரையோடு உரசும், உருளும்போது சூடாகும். 1993 முதல் குட்இயர், அமெரிக்காவின் அணு ஆயுத ஆய்வுகளை நடத்தும் சாண்டியா தேசிய ஆய்வகத்தோடு கூட்டுச்சேர்ந்தது. ஆயுதங்களின் பாகங்களை வெடிக்காமல் கணினியில் சோதிக்கும் முறை, டயரை ஓட்டாமல் சோதிக்கவும் உதவியது. அஷ்யூரன்ஸ் டிரிபிள்டிரெட் என்ற டயர் அந்தக் கூட்டின் பலன். செய்து பார்த்துத் திருத்தும் பழைய முறையில் மூன்றாண்டு பிடித்த உருவாக்க வேலை ஓராண்டுக்குள் சுருங்கியது.

ஆலையே தன்னைப் பற்றித் தகவல் தரத் தொடங்கியது அடுத்த படி. உண்மையான எந்திரத்தோடு நேரடித் தொடர்பிலிருந்து அதன் நிலையைக் கணத்துக்குக் கணம் ஒத்து மாறும் மாதிரியை 'டிஜிட்டல் இரட்டை' என்கிறார்கள். 2000களின் தொடக்கத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் முன்வைத்த கருத்து இது. 2010ஐ ஒட்டி நாசாவில் இந்தப் பெயர் நிலைத்தது. பிரிட்ஜ்ஸ்டோன் 2016இல் ஜப்பானின் ஹிகோனே ஆலையில் நிறுவிய டயர் கட்டும் அமைப்பு, ஒவ்வொரு டயரிலும் நூற்றுக்கணக்கான அளவுகளை எடுத்து, கட்டும்போதே தன்னைத் திருத்திக்கொள்ளும். அக்ரனில் நிறுத்துகடிகாரம் குறித்ததை இங்கே உணரிகள் குறிக்கின்றன.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1946இல் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஒரு கொட்டகை போட்டார். அது 1952இல் டிரெட் ரப்பருக்கு மாறி, 1960களில் டயர் ஆலையாகி, எம்.ஆர்.எஃப். ஆயிற்று. பின்னர் ஒரகடத்தில் அப்போலோவும் தேர்வாய்கண்டிகையில் மிஷலினும் வந்தன. ரப்பர் பொறியியல் படித்தவர்களைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அனுப்பிக்கொண்டிருக்கிறது. பெரிய ஆலைகள் கணினி மாதிரிகளோடு இயங்கும் அதே மாவட்டங்களில், ஓ-ரிங்கும் புஷ்ஷும் செய்யும் சிறு பட்டறைகள் இரண்டு உருளை மில்லோடும் நான்கு பிரஸ்ஸோடும் ஓடுகின்றன. அங்கே கலவை ஆயிற்றா என்று இன்றும் மில்காரர் அறுத்துப் பார்த்துத்தான் சொல்கிறார்.

பெரிய ஆலைகளுக்கும் தீராத சிக்கல்கள் உண்டு. முதலாவது, ஹான்காக்கின் பழக்கம். எந்திரம் செய்பவரிடம் எந்திரத்தின் கணக்கும், வேதிப்பொருள் விற்பவரிடம் அதன் கணக்கும், ஆலையிடம் கலவைச் சூத்திரமும் இருக்கின்றன. முழு ஆலையை மாதிரியாக்க வேண்டுமானால் மூவரும் பேச வேண்டும். 1941இல் நடந்ததுபோல் போர் வந்து பேசவைத்தால் அன்றி, அவர்கள் சூத்திரத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. இரண்டாவது, மூலப்பொருள். செயற்கை ரப்பர் சொன்ன எண்ணோடு வரும். இயற்கை ரப்பர் மரத்தின் ரகம், இலையுதிர்வு மாதம், மழை, உறையவைத்த விதம், கிடங்கில் கிடந்த காலம் ஆகியவற்றுக்கேற்ப மாறும். லாரி டயருக்கும் விமான டயருக்கும் அது இல்லாமல் முடியாது. இந்தியாவின் ரப்பரில் பெரும்பகுதி சிறு விவசாயிகளின் தோட்டங்களிலிருந்து வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள் பால்வெட்டுகிறார்கள். இத்தனை வேற்றுமையும் மாதிரிக்குள் நுழையும்போது மூனி எண்ணும் இன்னும் சில எண்களுமாகக் குறுகிவிடுகிறது. அதனால்தான் எவ்வளவு நவீனமான ஆலையிலும் பேட்ச் பேட்சாக ரியோமீட்டர் கோடு எடுத்த பிறகே கலவை அடுத்த அறைக்குப் போகிறது.

இப்போது ஒரு புதிய கட்டாயம் வந்திருக்கிறது. காடழித்து விளைந்த பொருளை விலக்குவதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டத்தின் பட்டியலில் ரப்பரும் இருக்கிறது. அங்கே விற்கும் டயரில் உள்ள இயற்கை ரப்பர் எந்த நிலத்தில் விளைந்தது என்று, வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போனாலும், டயர் நிறுவனங்கள் தோட்டங்களைக் குறியிடும் வேலையைத் தொடங்கிவிட்டன. மரத்தின் இடம் தெரிந்தால் அதன் ரகமும், வெட்டிய மாதமும், உறையவைத்த முறையும் அதே பதிவில் சேர்ந்துவர வாய்ப்பு உண்டு. சட்டம் அவற்றைக் கேட்கவில்லை. கேட்பவர்கள் கலவைப் பிரிவின் பொறியாளர்கள். அதற்கு அவர்கள் பேச வேண்டியது அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்திருக்கும் லட்சக்கணக்கான ரப்பர் விவசாயிகளோடு.